சொட்டும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு

திருநீர்மலையில் ஐப்பசி பிறந்துவிட்டால் பழைய வீடுகளில் ஒரே பேச்சுதான்: மொட்டை மாடி எங்கே ஒழுகுகிறது? சொட்டும் இடத்தில் பாத்திரம் வைக்கிறோம். வெயில் தலைகாட்டியதும் அதற்கு நேர் மேலே சிமெண்ட் பால் ஊற்றுகிறோம். அடுத்த மழைக்கு இரண்டடி தள்ளி ஒழுகுகிறது.

பழைய ஃபைபர் பாய்மரப் படகின் மேல்தளத்திலும் இதே கதைதான் நடக்கிறது. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் தொடங்கிய ஆண்டு 1911. பொழுதுபோக்குப் பாய்மரப் படகோட்டத்துக்குச் சென்னையில் நூறாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. புதுப் படகு வாங்க எல்லோருக்கும் வசதி இருக்காது. கைமாறி வரும் பழைய படகுதான் பல இளைஞர்களுக்குக் கடலைத் திறந்துவிடுகிறது. மொட்டை மாடியில் பழகிய நம்பிக்கைகளை அப்படியே படகுக்கும் கொண்டுபோனால் அந்தக் கதவு அடைபட்டுவிடும். அவற்றில் ஆறை இங்கே பார்ப்போம்.

நம்பிக்கை 1: வெடிப்பைப் பட்டி வைத்து அடைத்தால் போதும்.

உண்மை: முதலில் வெடிப்பின் வடிவத்தைப் படிக்க வேண்டும். ஃபைபர் தளத்தின் பளபளப்பான மேல்தோலான ஜெல்கோட் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனம்தான்; வளைந்து கொடுக்காது. ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம்போல் விரிந்த வெடிப்பு என்றால் அங்கே கனமான ஏதோ விழுந்திருக்கிறது. மூலை மடிப்பில் பக்கம் பக்கமாக ஓடும் கோடுகள் என்றால் தளம் அங்கே நெளிகிறது. கைப்பிடிக் கம்பியின் அடியைச் சுற்றிய வெடிப்பு, அந்தக் கம்பியை யாரோ இழுக்கும்போதெல்லாம் தளம் வளைவதைக் காட்டுகிறது. நெளிவை நிறுத்தாமல் பட்டி வைத்தால் அதே இடம் மறுபடி விரியும். தளத்தின் அடியில் அகலமான தாங்குதகடு கொடுத்தோ, கண்ணாடி இழை அடுக்குகளைக் கூட்டியோ முதலில் அந்த இடத்துக்கு வலு சேர்க்க வேண்டும்.

மரப் படகுக்கும் இதே விதிதான். 1968-இல் தனி ஆளாக உலகைச் சுற்றக் கிளம்பிய ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் ‘சுஹைலி’ பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட படகு. தென்கடலில் ஒரு பேரலை அதைச் சாய்த்தபோது கேபினின் விளிம்பு நெடுக வெடிப்புகள் கண்டன. அவர் கூடுதல் போல்டுகளை இறக்கி அசைவைக் கட்டினார். எங்கும் நிற்காமல் ஒற்றை ஆளாக உலகைச் சுற்றிய முதல் பயணத்தை முடித்து, 1969 ஏப்ரலில் அதே படகில் கரை சேர்ந்தார்.

நம்பிக்கை 2: சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை.

உண்மை: தண்ணீர் சரிவு பார்த்து ஓடும். போல்ட் துளையில் நுழைந்து, உள்தட்டின் மேல் ஊர்ந்து, எங்கே தடை வருகிறதோ அங்கே சொட்டும். பாய்மரக் கம்பிகளைப் பிடிக்கும் உலோகப் பட்டை, கயிறு சுற்றும் கொம்பு, மூடியின் சட்டம், உடலும் தளமும் சேரும் விளிம்பு ஆகிய நான்கையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஹோஸ் பைப்பைத் தாழ்ந்த பகுதியில் பிடித்து, ஒவ்வொரு பொருத்துக்கும் சில நிமிடம் கொடுத்து மெல்ல மேலேறுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு பார்க்கட்டும். தளத்துக்கடியில் மிதவை அறை உள்ள சிறு படகு என்றால், அறையின் வாயை அடைத்து லேசாகக் காற்று ஊதி, மேலே சோப்பு நீர் தடவுங்கள். குமிழி கிளம்பும் இடத்தில்தான் ஓட்டை. இதற்குக் கம்ப்ரஸர் வேண்டாம்; அறையே பிளந்துவிடும்.

நம்பிக்கை 3: ஓரத்தில் சிலிக்கோன் இழுத்துவிட்டால் ஒழுகல் நிற்கும்.

உண்மை: ஒரு பருவம் நிற்கலாம். பிறகு ஓரம் பிரியும். அதைவிடப் பெரிய கெடுதல், சிலிக்கோன் பட்ட இடத்தில் பின்னால் பூசும் ஜெல்கோட்டோ பெயிண்டோ சரியாக ஒட்டாது. பொருத்தைக் கழற்றி, பழைய பசையை முழுக்கச் சுரண்டிவிட்டு, பியூட்டைல் நாடாவோ பாலிசல்ஃபைடு பசையோ வைத்து மறுபடி முடுக்குவதுதான் முறை. பாலிசல்ஃபைடு சில வகைப் பிளாஸ்டிக்கை அரிக்கும் என்பதால் பிளாஸ்டிக் சன்னல்களுக்கு அதைத் தவிர்க்க வேண்டும்.

நம்பிக்கை 4: மேலே காய்ந்துவிட்டது என்றால் உள்ளேயும் காய்ந்துவிட்டது.

உண்மை: பல படகுகளின் தளம் ஒற்றைப் பலகை அல்ல. மேலும் கீழும் ஃபைபர் தோல், நடுவில் பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ நுரையோ இருக்கும். நடுவில் புகுந்த நீருக்கு வெளியேற வழி கிடையாது. நாணயத்தால் தட்டிப் பாருங்கள். நல்ல தளம் கணீரென ஒலிக்கும், ஊறிய தளம் மந்தமாக ஒலிக்கும். ஊறிய மரத்துக்குள் ரெசினை ஊசியால் ஏற்றுவது ஈரத்தைச் சிறைவைக்கும் வேலை. தோலை வெட்டித் திறந்து, இற்றதை எடுத்து, மிச்சத்தை முழுக்க உலர்த்தி, புது நடுப்பொருள் வைத்து மூட வேண்டும்.

இதற்குச் சில வாரங்கள் ஆகும். மலையைச் சூழ்ந்த நீர் வடியும்வரை திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்தார் என்பது எங்கள் ஊரின் தலவரலாறு. அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, நீர் வடியக் காத்திருப்பதும் வேலையின் ஒரு பகுதி என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை 5: கடல்நீர்தான் கெடுக்கும்; மழைநீர் ஒன்றும் செய்யாது.

உண்மை: மரத்தைப் பொறுத்தவரை இது தலைகீழ். மரத்தை இற்றுப்போக வைக்கும் பூஞ்சைக்கு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். உப்பு அதைத் தடுக்கும். அதனால்தான் அந்நாளில் மரக் கப்பல்களின் சட்டங்களுக்கு நடுவே உப்பைக் கொட்டி வைத்தார்கள். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் ஆபத்து தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழையில் மூடாமல் கிடக்கும் படகு, கடலில் ஓடும் படகைவிட வேகமாக இற்றுப்போகலாம்.

நம்பிக்கை 6: உச்சி வெயிலில், கொஞ்சம் கூடுதல் ஹார்ட்னர் சேர்த்துப் பூசினால் நன்றாக இறுகும்.

உண்மை: எபாக்ஸியில் ரெசினுக்கும் ஹார்ட்னருக்கும் விகிதம் நிலையானது. கூட்டினால் இறுகாது, கெடும். வெயில் ஏறும் நேரத்தில் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து பூச்சில் குமிழியிடும். வெயில் இறங்கும் நேரத்தில் பூசினால் பூச்சு மரத்துக்குள் இழுபடும். சென்னையின் புழுக்கத்தில் சில எபாக்ஸிகளின் மேல் மெழுகுபோல் ஒரு பிசுக்குப் படரும். உப்புத்தாள் போடுமுன் அதைத் தண்ணீரால் கழுவ வேண்டும்.

பாலியஸ்டர் ரெசின் பயன்படுத்துவோர்க்கு உயிர் காக்கும் எச்சரிக்கை ஒன்று: கோபால்ட் ஆக்ஸிலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் ஒன்றோடொன்று நேரடியாகக் கலக்கக் கூடாது, வெடிக்கும். முதலில் ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும்.

இன்னும் ஒரு வேலையையும் சேர்த்துச் செய்தால் அடுத்த ஒழுகல் தளத்தின் நடுப்பகுதிக்குள் புகாது. 6 மில்லிமீட்டர் போல்டுக்கு மேல்தோலையும் நடுப்பகுதியையும் முழுக்கக் கடந்து, கீழ்த்தோலைத் துளைக்காமல் 10 மில்லிமீட்டர் துளையிட்டு, அதைக் கெட்டியாகக் குழைத்த எபாக்ஸியால் நிரப்புங்கள். இறுகியபின் அதன் நடுவே 6 மில்லிமீட்டர் துளை போடுங்கள். பசை என்றாவது தோற்றாலும் தண்ணீர் எபாக்ஸிச் சுவரைத் தாண்டி மரத்தைத் தொடாது.

மாசி, பங்குனியில் ஒரு நாணயமும் ஹோஸ் பைப்பும் எடுத்துக்கொண்டு தளத்தைத் தட்டியும் நனைத்தும் பாருங்கள். மந்தமாக ஒலிக்கும் இடத்தையெல்லாம் பென்சிலால் வளைத்துக் குறித்து வையுங்கள். தளம் ஒழுகி மிதவை அறையில் நீர் நிறைந்த படகு, கவிழ்ந்தால் நம்மைத் தாங்காது. அந்தப் பென்சில் கோட்டுக்குள் இருப்பது, அடுத்த முறை அதில் ஏறப்போகும் பிள்ளையின் பாதுகாப்பு.