கேட்காத காதைக் காக்க முயன்றதன் விலை

மண்டையோட்டின் அடித்தளத்தில் தோன்றும் கட்டிகளுள் ஒன்றான செவிநரம்புக் கட்டி, அதாவது சமநிலை நரம்பின் உறையில் மெல்ல வளரும் புற்றுநோயல்லாத ஷ்வான்னோமா, மூன்று வழிகளில் அகற்றப்படுகிறது. காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்து சிறுமூளையை ஒதுக்கிச் செல்லும் ரெட்ரோசிக்மாய்டு வழியிலும், காதுக்கு மேலே திறந்து சிறு கட்டிகளை அடையும் நடுக்குழி வழியிலும் கேள்திறன் எஞ்ச இடமுண்டு. உள்காதைக் குடைந்து செல்லும் டிரான்ஸ்லேபிரிந்தைன் வழியில் அது அறவே போய்விடும். ஆனால் சிறுமூளையை அதிகம் ஒதுக்க வேண்டியதில்லை. பின்னிரண்டையும் 1960களில் லாஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் ஹவுஸ் நுண்ணோக்கியின் துணையுடன் செம்மைப்படுத்தினார்.

எவ்வழி என்பதைக் கட்டியின் அளவோடு, எஞ்சியுள்ள கேள்திறனும் முடிவு செய்ய வேண்டும். ஒலி எத்தனை டெசிபெலில் கேட்கிறது என்பதைத் தூய ஒலிச் சோதனை காட்டும். கேட்ட சொல் விளங்குகிறதா என்பதைச் சொல்லறிதல் சோதனையே காட்டும். 50 டெசிபெலுக்குள் கேட்டு, சொற்களில் 50 விழுக்காடேனும் விளங்கினால்தான் அது பயன்படும் காது என்பது பரவலான அளவுகோல். இக்கட்டுரையாளர் அறுவை செய்துகொண்ட மருத்துவமனையில் இரண்டாம் சோதனை செய்யப்படவே இல்லை. கட்டி 3 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தும், தொலைபேசியில் ஒரு சொல்லும் விளங்காத காதைக் காப்பதாகச் சொல்லி, அங்குள்ள குழு பழகியிருந்த ஒரே வழியான ரெட்ரோசிக்மாய்டு வழியே தேர்ந்தெடுக்கப்பட்டது. காது மிஞ்சவில்லை, அவ்வழியில் கூடுதலாகக் காணப்படும் நீங்காத தலைவலிதான் மிஞ்சியது. "எல்லாருக்கும் இப்படித்தான் செய்கிறோம்" என்பது வழக்கமேயன்றி மருத்துவக் காரணம் ஆகாது.

மயக்க மருந்துச் சோதனை, தீவிர சிகிச்சைப் பிரிவு, தையல் பிரிப்பு ஆகியவற்றை பொதுவாக மருத்துவமனையே விளக்கிவிடும். நோயாளி கேட்டறிய வேண்டியவை வேறு: குழுவில் காது அறுவை வல்லுநர் இருக்கிறாரா, அறுவையின்போது முக நரம்பு மின்கருவியால் கண்காணிக்கப்படுமா, அந்நரம்பு பாதிக்கப்பட்டு இமை மூடாமற்போனால் கருவிழி வறளாமல் காக்க என்ன ஏற்பாடு. அறுவைக்கு மாற்றான காமா நைஃப் கதிர்வீச்சை இக்கட்டுரையாளர் மறுத்தது பிழையென்று உறவினர் இன்றும் சொல்கின்றனர். மூளைத்தண்டை அழுத்துமளவு வளர்ந்த கட்டிக்கு அது பொதுவாக ஏற்றதன்று என்பதால், அத்தேர்வில் வருந்த ஏதுமில்லை. இரண்டாம் கருத்துக்காக வேறு நகரம் செல்வதும் பலருக்கு இயலக்கூடியதே. மெல்ல வளரும் கட்டி பெரும்பாலும் சில வாரங்கள் பொறுக்கும். செவிச்சோதனைத் தாளில் சொல்லறிதலுக்குரிய கட்டம் வெறுமையாக இருக்கும்வரை, அறுவைக்கு நாள் குறிக்க எந்த நோயாளியும் ஒப்பலாகாது.