மருந்துச் சோதனையில் பாதிப்பு: எப்போது தெரிவிப்பது?

நம்பிக்கை: மருந்துதான் காரணம் என்று உறுதியான பிறகு தெரிவித்தால் போதும்.

உண்மை: மருந்துச் சோதனையில் பங்கேற்பவர் இறந்தாலோ, உயிருக்குப் போராடினாலோ, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ, நிலையான ஊனமுற்றாலோ, பிறவிக் குறையுடன் குழந்தை பிறந்தாலோ அது 'கடும் பாதக நிகழ்வு'. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி, ஆய்வு மருத்துவர் அதை 24 மணி நேரத்துக்குள் மத்திய உரிம அதிகாரிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் சோதனையை நடத்தும் நிறுவனத்துக்கும் தெரிவித்தாக வேண்டும். காரணத்தை அலசி அறிக்கை தர 14 நாள் அவகாசம் உண்டு. முதலில் தகவல், பிறகுதான் அலசல்.

நம்பிக்கை: நோயாளிக்கு ஏற்கெனவே இருந்த நோய் முற்றியதென்றால் சொல்ல வேண்டியதில்லை.

உண்மை: மிகவும் ஆபத்தான நம்பிக்கை இதுதான். 1993இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஹெபடைடிஸ் பி நோயாளிகள் 15 பேருக்கு ஃபியலூரிடின் என்ற மருந்து கொடுத்துப் பார்க்கப்பட்டது. சில வாரங்கள் எல்லாம் நன்றாகவே நடந்தது. மூன்றாம் மாதவாக்கில் ஒருவருக்குக் கல்லீரல் செயலிழந்தது. மருந்தை உடனே நிறுத்தியும் பாதிப்பு நிற்கவில்லை. ஏழு பேருக்குக் கல்லீரல் செயலிழந்து ஐவர் இறந்தனர். மற்ற இருவரும் கல்லீரல் மாற்று அறுவையால் பிழைத்தனர். முந்தைய சோதனைகளிலும், மருந்தை நிறுத்திய பிறகு சில மரணங்கள் நேர்ந்திருந்தன. இறந்தவர்களுக்கு முன்பே கல்லீரல் நோய் இருந்ததால், அந்த மரணங்கள் நோயின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டன. எல்லாவற்றையும் ஒருசேர வைத்துப் பார்த்தபோதுதான் மருந்தின் நஞ்சு புலப்பட்டது. ஒரு படுக்கையருகே நிற்கும் மருத்துவருக்கு அது தெரிய வழியில்லை. பல இடத்துத் தகவல் ஓரிடத்தில் சேர வேண்டியது அதனால்தான்.

நம்பிக்கை: வலியோ வேதனையோ மிகுதியாக இருந்தால்தான் கடும் நிகழ்வு.

உண்மை: தாங்க முடியாத தலைவலி வீட்டிலேயே தணிந்துவிட்டால் அது இந்த வகையில் சேராது. இலேசான ஒவ்வாமைக்காக வார்டில் அனுமதித்தால் சேரும். விளைவே அளவுகோல்.

நம்பிக்கை: 24 மணி நேரம் தாண்டிவிட்டால் சொல்லிப் பயனில்லை.

உண்மை: தாமதத்துக்கான காரணத்தையும் எழுதி அனுப்ப வேண்டும் என்கிறது விதி. தாமதம் குறைதான், மறைப்பது அதைவிடப் பெரிய குற்றம்.

சோதனையில் சேர்ந்தவர் வேறு மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டால் அது ஆய்வு மருத்துவருக்குத் தானாகத் தெரியவராது. ஒப்புதல் படிவத்திலுள்ள தொடர்பு எண்ணை வீட்டாரும் கைவசம் வைத்திருந்து, அன்றே சொல்லிவிட வேண்டும்.