மெல்லுதலும் அளித்தலும்: கோக்கா இலை, வெற்றிலை வழக்குகள் – ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

இலையை மெல்லுதல் உடல்சார்ந்த செயல். அதனைப் பிறர்க்கு அளித்தல் உறவுசார்ந்த செயல். தென்னமெரிக்க ஆண்டிசு மலைவாழ் கெச்சுவா, அய்மாரா மக்களின் கோக்கா இலை வழக்கையும் மதுரை வட்டார வெற்றிலை வழக்கையும் ஒப்பிட்டு, மெல்லுதல் மறைந்தாலும் அளித்தல் நிலைபெறுமா என இக்கட்டுரை ஆராய்கிறது.

மெல்லுதல்

கோக்கா செடியினம், வெற்றிலை கொடியினம். எனினும் பயன்கொள்ளும் முறை ஒத்துள்ளது. ஆண்டிசு மக்கள் கோக்கா இலையைச் சுண்ணாம்புடனோ தாவரச் சாம்பலுடனோ கன்னத்தில் அடக்கிப் பசியையும் களைப்பையும் மலையுயரச் சோர்வையும் தணித்துக்கொள்கின்றனர். தாம்பூலத்திலும் சுண்ணாம்பு சேர்கிறது. இரண்டிலும் காரப்பொருளே ஊக்கப்பொருளை வினைபுரியச் செய்கிறது. ஆனால், கோக்காவில் ஊக்கப்பொருள் இலையிலேயே உள்ளது. தாம்பூலத்தில் முதன்மையாகப் பாக்கில் உள்ளது. இவ்வேறுபாடே இரு வழக்குகளின் பிற்கால வரலாற்றைப் பிரித்துக் காண உதவுகிறது.

அளித்தல்

ஆண்டிசு மக்கள் குறையற்ற மூன்று கோக்கா இலைகளை ஒருசேர அடுக்கி நிலத்தாயாகிய பச்சமாமாவுக்குப் படைப்பர். சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையில், மதுரையின் புறத்தே ஆயர் மனையில் உணவருந்திய கோவலனுக்குக் கண்ணகி வெற்றிலைச் சுருளும் பாக்கும் அளிக்கிறாள். சிலம்பு விற்கச் சென்றவன் மீளாமையால் அதுவே அவளது இறுதி விருந்தோம்பலாகிறது. இளங்கோவடிகள் அங்கு ஆளும் ‘திரையல்’, ‘அடைக்காய்’ என்னும் சொற்கள் இன்று பொதுவழக்கில் இல்லை, செயல் தொடர்கிறது. வண்டியூர் மாரியம்மன் வழிபாட்டுத் தட்டிலும் அவ்வட்டாரத்து நிச்சயதாம்பூலத்திலும் வெற்றிலை இடம்பெறுகிறது. வைகைக் கரைச் சோழவந்தான் கொடிக்கால்களில் விளையும் வெற்றிலை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.

சட்டமும் உடல்நலமும்

1961ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கை, கோக்கா இலை மெல்லுதலை 25 ஆண்டுகளுக்குள் ஒழிக்க வலியுறுத்தியது. அதிலிருந்து விலகிய பொலிவியா, மரபுவழி மெல்லுதலுக்கு விலக்குக் கோரி 2013இல் மீண்டும் இணைந்தது. அங்கு இலையைத் தடுப்பது சடங்கையே தடுப்பதாகும். தாம்பூலத்தின் நிலை வேறு. பாக்கும், புகையிலை சேராத தாம்பூலமும்கூடப் புற்றுநோய் விளைப்பன எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை வகைப்படுத்தியது. இவ்வெச்சரிக்கை மெல்லுதலைப் பற்றியது, அளித்தலைப் பற்றியதன்று.

முடிவுரை

திருமண வீட்டில் தாம்பூலப்பை பெறுவோருள் பலர் இன்று வெற்றிலை மெல்லுவதில்லை. எனினும் அதை மறுப்பதில்லை. மெல்லுதலினின்று அளித்தல் பிரிந்து வாழ இயலும் என்பதற்கு இதுவே சான்று. ஆகவே, பாக்கு மெல்லுதலின் தீங்கை எடுத்துரைப்பது தாம்பூல மரபுக்குப் பகையாகாது. கோக்கா இலைக்கு வாய்க்காத இப்பிரிவு வெற்றிலைக்கு வாய்த்துள்ளது.