எதை எண்ணுகிறோம், எவ்வளவு நேரத்தில்?

மோட்டார் பட்டறைக்கும் ரேடியோ மேசைக்கும் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, அதிர்வெண் கணக்கில் பெருக்கலும் வகுத்தலும் உங்களுக்குத் தெரியும். இடறுவது வேறு இடத்தில். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

1. அலகை மாற்றும் முன், எண்ணப்படுவது எது என்று கேளுங்கள். வீட்டுக்கு வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் உறுமலை அளந்தால் அடிப்படை 100 ஹெர்ட்ஸ் என்று காட்டும். இரண்டும் சரி. ஒரு சுற்றுக்குள் மின்னோட்டம் இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை உச்சம் தொடுகிறது. உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகளுக்குத் திசை பொருட்டில்லை. இரண்டு உச்சத்துக்கும் ஒரே மாதிரி நெளிகின்றன. இங்கே எந்த அலகும் மாறவில்லை, எண்ணப்படும் பொருள்தான் மாறியிருக்கிறது.

2. மோட்டாரில் இதை இன்னும் நன்றாகப் பார்க்கலாம். நேம் பிளேட்டில் 1440 ஆர்பிஎம் என்று இருந்தால் அது நிமிடக் கணக்கு. 60 ஆல் வகுங்கள்: தண்டு நொடிக்கு 24 சுற்று, அதாவது 24 ஹெர்ட்ஸ். வருவது 50 ஹெர்ட்ஸ் மின்சாரமாயிற்றே, மீதி எங்கே போனது என்று திகைக்க வேண்டாம். அது நான்கு முனை மோட்டார். முனைகள் இரண்டு ஜோடி என்பதால் காந்தப்புலம் நொடிக்கு 25 முறைதான் சுற்றும், நிமிடத்துக்கு 1500. தண்டு அதைவிட 60 சுற்று பின்தங்குகிறது. அந்த 60 ஆர்பிஎம்மை மாற்றினால் 1 ஹெர்ட்ஸ். ஆனால் ரோட்டாரில் ஓடும் மின்னோட்டத்தின் அதிர்வெண் 1 அல்ல, 2 ஹெர்ட்ஸ். அங்கேயும் இரண்டு ஜோடி முனைகள் வந்து பெருக்குகின்றன. தண்டைக் கேட்கிறார்களா, மின்னோட்டத்தைக் கேட்கிறார்களா என்று தெரியாமல் 60 ஆல் வகுப்பதில் பயனில்லை. இந்த ஒரு மோட்டாரை முழுதாகப் புரிந்துகொண்டவர்கள் மற்ற எதிலும் தடுமாறுவதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

3. ஹெர்ட்ஸும் ரேடியன் கணக்கும் ஒன்றல்ல. ஒரு முழுச் சுற்று 2π ரேடியன், ஏறத்தாழ 6.283. எனவே 50 ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு 314 ரேடியன். பரிமாணம் பார்த்தால் இரண்டும் "நொடிக்கு" என்றே நிற்கும். அதனால் பரிமாணச் சோதனை உங்கள் பிழையைக் காட்டிக்கொடுக்காது. 1 ஹென்றி சுருள் 50 ஹெர்ட்ஸில் 314 ஓம் தடுக்கும். 2π விட்டுப்போனால் 50 ஓம் என்று விடை வரும். ஆறு மடங்குக்கு மேல் மின்னோட்டத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள்.

4. பெரிய எம் மெகா, சிறிய எம் மில்லி. இடையில் நூறு கோடி மடங்கு. எழுதும்போது கையை நிதானமாக ஓட்டுங்கள்.

5. கால அளவு கேட்டால் தலைகீழாக்குங்கள். 50 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்றுக்கு 20 மில்லிநொடி. கிலோவின் தலைகீழ் மில்லி, மெகாவின் தலைகீழ் மைக்ரோ, கிகாவின் தலைகீழ் நானோ. இந்த மூன்று ஜோடியும் மனப்பாடமாக இருக்கட்டும்.

6. ரேடியோவில் மீட்டரும் கிலோஹெர்ட்ஸும் சேர்ந்தே வரும். 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். ஒளியின் வேகம் நொடிக்கு 2,99,792 கிலோமீட்டர் சொச்சம். அதை மூன்று லட்சமாக எடுத்துக்கொள்வதால் வரும் பிழை ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் என்பது 0.72 மெகாஹெர்ட்ஸ், விடை சுமார் 416.7 மீட்டர். கோவையின் 999க்கு ஏறத்தாழ 300 மீட்டர்.

ஆனால் இடைவெளியை இப்படி மாற்றாதீர்கள். நம் பகுதியில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. 720இலிருந்து அடுத்த இடத்துக்கு நகர்ந்தால் அலைநீளம் 5 மீட்டருக்குச் சற்று மேல் குறையும். மதுரையின் 1269இலிருந்து அதே 9 நகர்ந்தால் குறைவது 1.7 மீட்டர்தான். வகுக்கும் உறவில் சம இடைவெளி சமமாக நிற்காது. இரண்டு முனைகளையும் தனித்தனியே மாற்றி, பிறகு கழியுங்கள்.

7. விடையைச் சோதிக்க ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மத்திய அலை எண்கள் 9 ஆல் மீதியின்றி வகுபடும்: 720, திருச்சியின் 936, 999, 1269 எல்லாமே. மீட்டரிலிருந்து திரும்பிவந்த உங்கள் எண் 934 என்றால், பக்கத்திலிருக்கும் 936ஐத்தான் நிலையம் ஒலிபரப்புகிறது. வட்டமாக்கியதில் இரண்டு கிலோஹெர்ட்ஸ் நழுவியிருக்கிறது.

8. பெயரை அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹாம் ரேடியோவில் 40 மீட்டர் பேண்ட் என்கிறோம். இந்தியாவில் அது 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ், உண்மை அலைநீளம் 42.9 முதல் 41.7 மீட்டர் வரை. 40இல் பாதி என்று 20 மீட்டர் போட்டால் அரை அலை டைபோலுக்குக் கிட்டத்தட்டப் பொருந்திவிடும். அந்தப் பொருத்தம் தற்செயல். 7.1க்கு அரை அலை 21.1 மீட்டர். கம்பியில் நுனி விளைவால் சுமார் 5 விழுக்காடு குறைத்து 20.1 என்று வருகிறது. வேறு பேண்டுக்குப் போகும்போது பெயரில் பாதி கைகொடுக்கும் என்று நம்பாதீர்கள், அதிர்வெண்ணிலிருந்தே கணக்கிடுங்கள். டைபோலின் இரு பக்கக் கம்பியையும் ஒரு சாண் கூடுதலாக விட்டு வெட்டி, மேலே கட்டி, அளந்து பார்த்த பிறகு நறுக்குங்கள்.