மூன்று பாடம், ஒரே காலை: குறுந்தூர டிரையத்லான் சொல்லித் தருவது



நான் டிரையத்லானில் கலந்துகொண்டேன் என்று சொன்னால், உங்களில் பாதிப்பேர் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, அது இரும்பு மனுஷன் போட்டியா?" என்பதுதான். இன்னொரு பாதிப்பேர், "அதெல்லாம் நமக்கு ஆகாதுக்கா" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். இந்த இரண்டுக்கும் பதில் சொல்லத்தான் இந்த மாதப் பாடம். நான் விளையாட்டு வீராங்கனை இல்லை. கிள்ளானில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை உட்கார்ந்து வேலை செய்பவள். 28 வயதில்தான் நீச்சல் கற்றுக்கொண்டேன். அதனால் நான் சொல்வதை நீங்களும் செய்ய முடியும் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

டிரையத்லான் என்றால் என்ன?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் நிற்காமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிப்பதுதான் டிரையத்லான். தண்ணீரில் இறங்கியது முதல் கடைசிக் கோட்டைத் தாண்டும் வரை கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். உடை மாற்றும் நேரமும் கணக்கில் சேரும்.

இது ரொம்பப் பழைய விளையாட்டு இல்லை. 1974 செப்டம்பர் 25-ல், அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், ஓட்டப் பயிற்சிக் கழகத்தினர் சிலர் ஒரு புதன்கிழமை மாலையில் நடத்திய போட்டியில் 46 பேர் கலந்துகொண்டார்கள். 1978-ல் ஹவாயில் நடந்த நீண்டதூரப் போட்டியிலிருந்து வந்ததுதான் 'அயர்ன்மேன்' என்ற பெயர். அன்று தொடங்கியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் சேர்க்கப்பட்டது.

தூரத்தை வைத்துப் போட்டிகளைப் பிரிப்பார்கள். அயர்ன்மேனில் நீச்சல் 3.8 கிலோமீட்டர், சைக்கிள் 180, ஓட்டம் 42.2. ஒலிம்பிக் தூரம் என்றால் 1.5, 40, 10. நமக்கு ஏற்றது 'ஸ்பிரிண்ட்' எனும் குறுந்தூரம்: நீச்சல் 750 மீட்டர், சைக்கிள் 20 கிலோமீட்டர், ஓட்டம் 5 கிலோமீட்டர்.

குறுந்தூரம் என்றதும் குறைவாக நினைத்துவிடாதீர்கள். 2010-ல் சிங்கப்பூரில் நடந்த முதல் இளையர் ஒலிம்பிக்கில் இதே தூரத்தைத்தான் வைத்தார்கள். அந்த விளையாட்டு விழாவின் முதல் தங்கமே ஈஸ்ட் கோஸ்ட் பார்க் கடற்கரையில் நடந்த பெண்கள் டிரையத்லானில்தான் கிடைத்தது. வென்றவர் ஜப்பானின் யுகா சாத்தோ. 2017-ல் கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியின்போது டிரையத்லான் புத்ராஜெயாவில் நடந்தது. ஆக, இது எங்கோ நடக்கிற விளையாட்டு இல்லை. நம்ம வாசல்லயே நடக்குது.

பாடம் 1: தண்ணீர்

எங்கள் வீட்டில் தண்ணீர் என்றாலே பயம். அதற்குக் காரணம் உண்டு. அம்மா பிறந்து வளர்ந்தது பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில் ஒரு தோட்டத்தில். அந்த வட்டாரம் முழுக்க ஈயம் எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன குட்டைகள். அம்மாவின் தம்பி 12 வயதில் அப்படி ஒரு குட்டையில் மூழ்கி இறந்துபோனார். மேலே பார்த்தால் அமைதியான தண்ணீர், இரண்டு அடி வைத்தால் திடீர் பள்ளம். அவரோடு போன பையன்களில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது.

அதற்குப் பிறகு அம்மா எங்கள் மூவரையும் முழங்கால் ஆழத்துக்கு மேல் விட்டதே இல்லை. பள்ளிச் சுற்றுலா கடற்கரைக்கு என்றால் அன்று எங்களுக்குக் 'காய்ச்சல்'. அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். மாமாவை எடுத்துக்கொண்டது தண்ணீர் மட்டுமா? தண்ணீரைப் பற்றி யாரும் அவருக்கு எதுவும் சொல்லிக் கொடுக்காததும்தானே? தள்ளி நின்றால் பயம் அப்படியே இருக்கும். விஷயத்தைக் கற்றுக்கொண்டால்தான் அது அளவுக்கு வரும்.

நகராட்சி நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்தேன். முதல் மூன்று வாரம் நீந்தவே இல்லை. கோச் சொல்லிக் கொடுத்தது இரண்டு விஷயம்: தண்ணீருக்குள் மூச்சை வெளியே விடுவது, மல்லாந்து மிதப்பது. புதிதாகக் கற்பவர்கள் தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். தலையைத் தூக்கும் ஒரு நொடியில் பழைய காற்றையும் விட்டு, புதுக் காற்றையும் இழுக்க முடியாது. அதனால்தான் 25 மீட்டரில் மூச்சு வாங்குகிறது. முகம் தண்ணீரில் இருக்கும்போதே மூக்கு வழியாக மெல்ல விட்டுக்கொண்டே வந்தால், தலை திரும்பும்போது இழுக்க மட்டும் செய்தால் போதும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது. புரிந்த பிறகு 25 மீட்டர் 100 ஆனது, 100 மீட்டர் 400 ஆனது.

குளம் வேறு, கடல் வேறு. கடலில் அடியில் கறுப்புக் கோடு இருக்காது. ஆறேழு கைவீச்சுக்கு ஒருமுறை முதலை மாதிரி கண்ணை மட்டும் மேலே தூக்கி, மிதவை எங்கே என்று பார்த்து நீந்த வேண்டும். அதே நேரம் உப்புத் தண்ணீர் உடம்பைக் குளத்தைவிட நன்றாக மேலே தாங்கும். இது பலருக்குத் தெரியாத நல்ல செய்தி.

போர்ட்டிக்சனில் நான் கலந்துகொண்ட போட்டியில் காலை ஏழரைக்கு எங்கள் பிரிவைக் கடலில் இறக்கினார்கள். முதல் 100 மீட்டரில் யாரோ ஒருவருடைய கால் என் தோளில் பட்டது. நெஞ்சு படபடவென்று அடித்தது. மாமா நினைவு வந்தது. மூச்சு குறுகிக் குறுகி வந்தது. உடனே ஓரமாக ஒதுங்கி மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்தபடி பத்து மூச்சு எண்ணினேன். பக்கத்தில் படகிலிருந்த தொண்டூழியர், "ஓகேவா?" என்று மலாயில் கேட்டார். கட்டை விரலைக் காட்டினேன். பத்து மூச்சு முடிந்ததும் தவளை நீச்சலில் கொஞ்ச தூரம், பிறகு வழக்கமான நீச்சல். 24 நிமிடத்தில் கரையேறினேன்.

இங்கே ஒரு விதியைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். களைத்துப் போனால் மிதவையையோ நிற்கும் படகையோ பிடித்து ஓய்வெடுக்கலாம். அதைப் பிடித்து முன்னேறத்தான் கூடாது. உதவி வேண்டும் என்றால் ஒரு கையை உயர்த்தி ஆட்டினால் போதும். இது தெரிந்திருந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

பாடம் 2: சைக்கிள்

நீச்சலுக்கும் சைக்கிளுக்கும் நடுவில் இருப்பது 'டிரான்சிஷன்'. நம் சைக்கிள், சப்பாத்து, தலைக்கவசம், எண் பட்டை எல்லாம் அங்கே வரிசையாகக் காத்திருக்கும். எதை முதலில் எடுப்பது என்று முந்திய நாளே வீட்டில் தரையில் பரப்பி வைத்துப் பழகிவிட வேண்டும். ஈரக் கையோடு, மூச்சு வாங்கும்போது யோசிக்க நேரம் இருக்காது.

மிக முக்கியமான விதி: தலைக்கவசத்தின் வாரை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும். திரும்பி வந்து சைக்கிளை மாட்டிவிட்டுத்தான் வாரைக் கழற்ற வேண்டும். அதோடு, ஏறும் கோடு, இறங்கும் கோடு என்று தரையில் போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டுக்கு உள்ளே ஓட்டக் கூடாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

"சைக்கிள் வாங்கவே பத்தாயிரம் வெள்ளி வேணுமே?" என்று கேட்பீர்கள். வேண்டாம். நான் ஓட்டியது 600 வெள்ளிக்கு வாங்கிய பழைய சைக்கிள். பிரேக் நன்றாகப் பிடிக்கணும், டயர் நன்றாக இருக்கணும், உயரம் உங்களுக்குப் பொருந்தணும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் முதல் போட்டிக்கு அது போதும். மலைச் சைக்கிளில் வருபவர்களும் உண்டு.

ஓட்டும்போது கனமான கியரில் அழுத்தி மிதிக்காமல், இலேசான கியரில் நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று மிதிப்பது நல்லது. தொடை சீக்கிரம் களைக்காது. நம்மைப் போன்ற பொதுப் பிரிவினர் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தோடு ஒட்டிப் போவதைப் பெரும்பாலான போட்டிகள் அனுமதிப்பதில்லை. காற்றை அவர் வெட்டிக் கொடுக்க, நாம் பின்னால் சும்மா வருவது போலாகும். இடதுபக்கம் போய், முந்தும்போது மட்டும் வலதுபக்கம் வர வேண்டும். எனக்கு 20 கிலோமீட்டர் முடிய 52 நிமிடம் ஆனது. வழியில் குறைந்தது 60 பேராவது என்னை முந்தியிருப்பார்கள். எல்லாரும் "போங்க, போங்க" என்று உற்சாகப்படுத்திவிட்டுத்தான் போனார்கள்.

பாடம் 3: ஓட்டம்

சைக்கிளிலிருந்து இறங்கி ஓட ஆரம்பித்ததும் கால் நம்முடையது இல்லாத மாதிரி இருக்கும். கட்டையைக் கட்டிவிட்டது போல. ஒரே நிலையில் உட்கார்ந்து வட்டமாக மிதித்துப் பழகிய தசை, நிமிர்ந்து நின்று உடம்பின் எடையைத் தாங்கும் வேலைக்கு உடனே மாறுவதற்குச் சிரமப்படுகிறது. இதற்குப் பயிற்சி ஒன்றுதான் வழி. வாரம் ஒருமுறை சைக்கிள் ஓட்டி முடித்த கையோடு பத்து நிமிடம் ஓடுங்கள். நான்கு வாரத்தில் உடம்பு கற்றுக்கொள்ளும். போட்டியன்றும் முதல் ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓடினால், கால் தானாகத் திரும்ப வந்துவிடும்.

ஓட்டத்தில் நம் ஊரின் உண்மையான எதிரி வெயில். ஒன்பது மணிக்கே தார்ச்சாலை சுடும். ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நான் நடந்தேன். ஒரு குவளை குடிக்க, ஒரு குவளை தலையில் ஊற்ற. அதே சமயம், பயந்துபோய் வெறும் தண்ணீரை மடக்மடக்கென்று அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்துவிடும். தாகத்துக்குக் குடியுங்கள், உப்புச் சத்துள்ள பானமும் சேர்த்துக்கொள்ளுங்கள். தலை சுற்றுவது, உடம்பு சிலிர்ப்பது, வியர்வை நின்றுபோவது, பேச்சு குழறுவது இதில் எது வந்தாலும் உடனே நின்று மருத்துவக் குழுவைக் கூப்பிட வேண்டும். பாதியில் நிற்பது அவமானம் இல்லை.

5 கிலோமீட்டரை 38 நிமிடத்தில் முடித்தேன். டிரான்சிஷன் இரண்டும் சேர்த்து 7 நிமிடம். மொத்தம் 2 மணி 1 நிமிடம்.

கணக்கும் திட்டமும்

போட்டிக்கு முன் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். 100 மீட்டருக்கு 3 நிமிடம் என்றால் நீச்சல் 22 நிமிடம் 30 வினாடி. மணிக்கு 24 கிலோமீட்டர் என்றால் சைக்கிள் 50 நிமிடம். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்றால் ஓட்டம் 35 நிமிடம். டிரான்சிஷனுக்கு 6 நிமிடம். மொத்தம் 1 மணி 53 நிமிடம் 30 வினாடி. கடலும் வெயிலும் ஏழரை நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டன. நீங்களும் உங்கள் வேகத்தை வைத்து இப்படிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். "முடியுமா?" என்ற கேள்வி, "எத்தனை நிமிடம்?" என்று மாறிவிடும்.

ஓரளவு நீந்தத் தெரிந்தவர்களுக்குப் பன்னிரண்டு வாரம் போதும். வாரத்தில் நீச்சல் இரண்டு நாள், சைக்கிள் ஒரு நாள், ஓட்டம் ஒரு நாள், சைக்கிளும் ஓட்டமும் சேர்ந்து ஒரு நாள், ஓய்வு இரண்டு நாள். நீந்தவே தெரியாதவர்கள் போட்டிக்குப் பதிவு செய்வதை ஆறு மாதம் தள்ளிப்போட்டு, நீச்சலை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். தனியாகக் கடலில் பழக வேண்டாம். எப்போதும் நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவரோடு, கரைக்கு இணையாக நீந்துங்கள். இதயக் கோளாறு, ஆஸ்துமா, சர்க்கரை வியாதி இருப்பவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் தயங்க வேண்டியதில்லை. போட்டிக்கு இரண்டரை மணி நேரத்துக்கு முன் இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும் பசியாறினேன். அன்றைக்குப் புது உணவு எதையும் சோதித்துப் பார்க்காதீர்கள்.

இதில் கிடைப்பது என்ன?

பதக்கம் ஒன்று கொடுத்தார்கள், முடித்தவர்கள் எல்லாருக்கும் கொடுப்பது. ஆனால் எனக்குக் கிடைத்தது வேறு. அன்று அம்மா போர்ட்டிக்சன் வரை வந்தார், கடற்கரைக்கு வரவில்லை. காரிலேயே உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீரிலிருந்து வெளியே வந்துவிட்டேன் என்று தம்பி போனில் சொன்ன பிறகுதான் இறங்கி வந்தாராம். ஓட்டம் முடிந்து போய் நின்றபோது, என் தலையைத் துவட்டிவிட்டு ஒன்றுமே பேசவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில், நீலாயைத் தாண்டியதும், "அந்த நீச்சல் கிளாஸ்ல சின்னப் பிள்ளைங்களையும் சேத்துப்பாங்களா?" என்று கேட்டார். அண்ணன் பிள்ளைகள் இருவரும் இப்போது சனிக்கிழமைதோறும் குளத்துக்குப் போகிறார்கள். கூட்டிக்கொண்டு போவது அம்மாதான். குளத்தின் ஓரத்தில் துண்டோடு உட்கார்ந்திருப்பார். இன்னும் பயம் போகவில்லை என்கிறார். ஆனாலும் போகிறார்.

தம்பி தங்கைகளே, டிரையத்லானுக்கு நீங்கள் போகலாம், போகாமலும் இருக்கலாம். நீச்சல் மட்டும் அப்படி இல்லை. நமக்கு முந்திய தலைமுறைக்கு அதைக் கற்றுக்கொள்ள குளமும் இல்லை, காசும் இல்லை. நமக்கு இரண்டும் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்தால் வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக் கொடுங்கள். தெரியாவிட்டால் இந்த மாதமே ஒரு வகுப்பைத் தேடுங்கள்.

கலந்துரையாட

1. உங்கள் குடும்பத்தில் "நமக்கு ஆகாது" என்று ஒதுக்கி வைத்த விஷயம் எது? அதன் பின்னால் இருக்கும் கதையைப் பெரியவர்களிடம் கேட்டிருக்கிறீர்களா?

2. உங்கள் குழுவில் எத்தனை பேருக்கு 50 மீட்டர் நீந்தத் தெரியும்? எத்தனை பேருக்கு மல்லாந்து இரண்டு நிமிடம் மிதக்கத் தெரியும்?

3. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள பொது நீச்சல் குளம் எது? கட்டணமும் வகுப்பு நேரமும் என்ன? அடுத்த கூட்டத்துக்குள் ஒருவர் விசாரித்து வாருங்கள்.

4. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றிலும் உங்கள் இப்போதைய வேகத்தைக் கணக்கிட்டு, ஸ்பிரிண்ட் தூரத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எழுதி வையுங்கள்.