பச்சை இலை கொட்டும் கித்தா மரங்கள்

கேள்வி: ஐயா, எங்களுக்கு மூன்று ஏக்கர் கித்தாக்காடு (ரப்பர் தோட்டம்) இருக்கிறது. அப்பா காலத்தில் ஆண்டுக்கு ஒரு தடவைதான் இலை உதிரும். இப்போது தீபாவளியை ஒட்டிய மழையிலும் இலை கொட்டுகிறது. பாலும் குறைந்துவிட்டது. இது நோயா, பருவநிலை மாற்றமா?
வாசகி, பீடோங், கெடா

பதில்: நோய்தான் அம்மா. ஆனால் அந்த நோய்க்கு வழி விடுவது மழை.

கெடாவில் ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சி. கித்தா மரம் அந்தக் கணக்கில்தான் பழைய இலையைச் சிவக்கவிட்டு உதிர்த்து, செம்பு நிறத்தில் தளிர் விடும். மழையில் கொட்டுவது அந்த இலை அல்ல. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். முற்றிய இலையில் பத்துக் காசு அளவுக்கு வட்ட வட்டமாகப் பழுப்புப் புள்ளி இருந்தால், அது பெஸ்டலோடியோப்சிஸ் பூஞ்சையின் வேலையாக இருக்கலாம். 2016இல் வட சுமத்ராவில் பரவி, 2017இல் மலேசியாவுக்கு வந்த நோய் இது. நாள்கணக்கில் இலை ஈரமாகவே இருந்தால் வேகமாகப் பரவும். இலைதான் மரத்துக்கு அடுப்பங்கரை. அது போனால் பால் எங்கிருந்து ஊறும்?

பருவநிலை மாற்றமா என்றும் கேட்டீர்கள். காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால், அது சுமக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். அதனால் கொட்டுகிற மழை கனமாகக் கொட்டுகிறது. 2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராய் மலையிலிருந்து சேறும் மரக்கட்டைகளுமாக யான் மாவட்டத்தில் இறங்கிய வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஒரு வெள்ளத்தைப் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் மட்டுமே எழுதிவிட முடியாது. ஆனால் அப்படிப்பட்ட மழைக்குச் சூடேறும் உலகம் வாய்ப்பைக் கூட்டிக்கொண்டே போகிறது என்பது உறுதி.

பால் குறைந்ததைவிட எனக்குப் பெரிய கவலை உங்கள் காட்டின் தரை. அடைமழைக் காலத்தில் மரம் மொட்டையாக நின்றால் மழை நேராக மண்ணில் அறையும். மேல்மண் கரைந்து கால்வாயில் இறங்கும். அதன் வண்டல் மெர்போக் ஆற்றுச் சதுப்புநிலக் காடு வரைக்கும் போகும். மண்புழுவும் கரையானும் இருந்து வளர்த்த மண் அது. ஒரு மழையில் போனதை உரம் போட்டு மீட்க முடியாது. ஆகவே புல்லுக்கு மருந்தடித்துத் தரையைச் சுத்தமாக வைப்பதை நிறுத்துங்கள். அந்தப் பழக்கம் தோட்டத்துக் காலத்தோடு போகட்டும். மூடுகொடி படரட்டும், சிறு செடிகள் நிற்கட்டும்.

புள்ளி விழுந்த இலைகளோடு, கித்தாச் சிறுதோட்டக்காரர்களுக்கான ரிஸ்டா அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். பக்கத்துக் காட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள், பூஞ்சைக்கு வேலி தெரியாது. புது இலை தளிர்த்து முற்றும் வரைக்கும் மரத்தில் உளி வைக்காதீர்கள். வருமானம் போகுமே என்பீர்கள், தெரியும். இலையில்லாத மரத்தைத் தொடர்ந்து சீவினால் பட்டையே காய்ந்துபோகக்கூடும் அம்மா.