கல்லூரி மெயில் மூடும் முன் கடிதங்களைக் காப்பாற்றுங்கள்!

படிப்பு முடிந்த சில நாட்களில் கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் முகவரி மூடப்படலாம். உதவித்தொகை ஒப்புகை, தேர்வுக் கட்டண ரசீது, நேர்முகத் தேர்வு அழைப்பு எல்லாம் அதில்தானே இருக்கிறது? கவலை வேண்டாம். அது ஜிமெயில் வகைக் கணக்காக இருந்தால், மொத்தத்தையும் உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எம்பாக்ஸ் என்றால் என்ன?

'கூகுள் டேக்அவுட்' சேவை, கடிதங்களை எம்பாக்ஸ் என்ற வடிவில் தருகிறது. எல்லாக் கடிதங்களையும் ஒரே நூலில் கோத்த மாதிரி, ஒரே கோப்பு. இதை ஜிமெயில் செயலியில் திறக்க முடியாது. அவுட்லுக்கும் நேரடியாகத் திறக்காது. அதனால் இந்த வேலைக்கு ஒரு கணினி தேவை.

எப்படி மாற்றுவது?

1. டேக்அவுட் பக்கத்தில் 'மெயில்' மட்டும் தேர்வு செய்யுங்கள். கோப்பு தயாரானதும் லிங்க் வரும். அது சில நாட்களே செல்லும், உடனே இறக்கிவிடுங்கள்.

2. சிப் கோப்பைப் பிரித்து, எம்பாக்ஸை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். இதுதான் மூலப்பிரதி. இதில் கை வைக்க வேண்டாம்.

3. கணினியில் இலவச மென்பொருளான தண்டர்பேர்டை நிறுவி, 'இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி' என்ற துணைநிரலைச் சேருங்கள். அதன் வழியாக எம்பாக்ஸை 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்குள் கொண்டுவாருங்கள்.

4. உங்கள் சொந்த ஜிமெயிலையும் ஐமேப் முறையில் தண்டர்பேர்டில் இணையுங்கள். அதில் புது ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, கடிதங்களைத் தேர்ந்தெடுத்து நகலெடுங்கள். அவ்வளவுதான்! கொஞ்ச நேரத்தில் அவை போனிலேயே தெரியும்.

ஒவ்வொரு கடிதமும் தனிக் கோப்பாக வேண்டுமென்றால், அதே துணைநிரலில் இஎம்எல் வடிவைத் தேர்வு செய்யலாம்.

சரிபார்த்த பிறகே நிம்மதி

எம்பாக்ஸில் ஒவ்வொரு கடிதமும் 'ஃப்ரம்' என்ற ஆங்கிலச் சொல்லில் தொடங்கும் வரியோடு ஆரம்பிக்கும். கடிதத்துக்கு உள்ளேயே ஒரு வரி அப்படித் தொடங்கினால், சரியில்லாத மென்பொருள் அதை இரண்டாக வெட்டிவிடக்கூடும். ஆகவே இரு பக்கமும் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். இணைப்புகள் நாலைந்தைத் திறந்தும் பாருங்கள்.

இவற்றை மறக்காதீங்க

• 'இலவசமாக மாற்றித் தருகிறோம்' என்னும் முன்பின் தெரியாத தளங்களில் கோப்பை ஏற்றாதீர்கள். உங்கள் ஆதார் நகலும் வங்கி விவரமும் அதற்குள் இருக்கலாம்.

• பிறர் கணினியில் செய்தால், தண்டர்பேர்டிலிருந்து கணக்கை நீக்கி, இறக்கிய கோப்புகளையும் அழியுங்கள்.

• இலவச ஜிமெயிலில் மொத்த இடம் 15 ஜிபி. போட்டோக்களும் இதிலேயே அடக்கம். மாற்றும் முன் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

• கல்லூரி நிர்வாகம் டேக்அவுட் வசதியை நிறுத்தியிருந்தால், முக்கியமான கடிதங்களைச் சொந்த முகவரிக்கு ஃபார்வர்டு செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. அரசுத் தளங்களிலும் வங்கியிலும் பழைய முகவரியைக் கொடுத்திருந்தால், அது மூடும் முன்பே மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால், பாஸ்வேர்டு மறந்த அன்று வரவேண்டிய லிங்க் மூடிய பெட்டிக்குத்தான் போகும்.